மணி கத்தி

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அட்டாலியில் ஏறி ஒட்டடை அடிப்பது இந்த வயதிலும் என் வேலைதான். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி ஒரு வாய் காபி குடிப்பதற்குள் அம்மா ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிடுவாள். இந்த முறை, ஈயம் போன பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் தகர டப்பா கிடைத்தது. மூடி துருவேறி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். செய்தித்தாளில் சுற்றி, கருநீலத்தில் ஒரு சதுரம். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. மூடியைத் தூக்கினால் மேலே திரை, கீழே பொத்தான்கள். கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி.

மூடியின் கீல் இடுக்கில் செங்கல் தூள் மாதிரி ஏதோ அடைந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். மணம் எதுவும் இல்லை. விரல் நுனியில் மட்டும் நிறம் ஏறியது. குங்குமம்.

வைத்தது அம்மிச்சி. நான் ஒன்பதாவது படித்த வருஷம். கொத்து, அரிவாள், மம்முட்டி, கிழங்கு வெட்டுகிற கத்தி எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தாயிற்று. அப்புச்சியின் டிவிஎஸ் 50-க்கு மாலை போட்டாயிற்று. என் புத்தகங்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், திண்ணையில் உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"கொண்டா அத. நாள் பூரா கையில வெச்சிருக்கறயில்ல? அப்ப இதுதான் உன்ற ஆயுதம்."

மூடிய பெட்டியின் மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, அரிவாளுக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொரிகடலை தின்று முடித்துக் கையைக் கொண்டுபோனபோதுதான், "பூஜையில வெச்சத நாளைக்குக் காலையில வரைக்கும் தொடப்படாது சாமி" என்றாள். புத்தகத்தோடு விளையாட்டுக்கும் சேர்த்து விடுமுறை விட்ட கிழவி.

அதைக் கொண்டுவந்தது மாமா. அம்மாவின் தம்பி, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். மாரியம்மன் நோம்பிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். முஸ்தபா கடைப் பையிலிருந்து கோடாலித் தைலம், சோப்பு, அப்புச்சிக்கு டார்ச் லைட், கடைசியில் எனக்கு இது. சிங்கப்பூர்ச் சாமான்கள் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை என்றாலும், எங்கள் ஊர்ப் பிழைப்பு அந்தத் திசையிலிருந்து ஒரு பொருள் வராமல் போனதால் உண்டானது. இரண்டாம் உலகப் போரில் மலேயாப் பக்கமிருந்து சவ்வரிசி வருவது நின்றுபோகவே, 1943 வாக்கில் சேலத்தில் குச்சிக்கிழங்கை அரைத்துச் சவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அப்புச்சி கிழங்கு போட்டதும், நாமகிரிப்பேட்டை ரோட்டில் சேகோ மில்கள் முளைத்ததும் அதன் தொடர்ச்சி. இப்போதும் ராத்திரி பஸ்ஸில் தூங்கி வந்தால் எனக்கு ஊர் வந்துவிட்டதைச் சொல்வது நடத்துநர் இல்லை. ஜன்னல் வழியாக வரும் அந்தப் புளித்த திப்பி வாசனைதான்.

மாமா கொடுத்த சார்ஜருக்கு மூன்று தட்டைக் கால்கள். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் உருண்டை ஓட்டை. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் எலெக்ட்ரிகல் கடையில் அடாப்டர் கிடைக்கும்வரை நான்கு நாள், விளக்கு அணைந்த பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மூடும்போது வரும் அந்த 'டக்' சத்தம் ஒன்றே போதும் என்று இருந்தது.

உள்ளே செருகியிருந்த ஒரே கேசட் ஃபயர் எம்ப்ளம். கார் ஓட்டுவது, சண்டை போடுவது மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாக ஆங்கிலம் பேசியது. எரிச்சலாக வந்தது. கடைக்காரன் விற்காமல் கிடந்ததை மாமா தலையில் கட்டிவிட்டான் என்று அம்மா முடிவே பண்ணிவிட்டாள். பின்னாளில் தெரிந்துகொண்டது வேறு. 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய நிறுவனம் நிண்டெண்டோ. அதற்காக இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் 1990-இலிருந்து செய்துவந்த வரிசை இது. முதல் ஆறும் ஜப்பானிய மொழியிலேயே நின்றுவிட்டன. ஏழாவதுதான் 2003-இல் ஆங்கிலம் பேசிக்கொண்டு வெளியே வந்தது. அந்த ஏழாவது எப்படியோ போதமலை அடிவாரத்துத் திண்ணை ஒன்றில் வந்து உட்கார்ந்திருந்தது.

கட்டம் கட்டமான நிலம். நம் ஆட்கள் நீலம், எதிரிகள் சிவப்பு. நாம் எல்லாரையும் ஒவ்வொரு முறை நகர்த்தி முடித்தபின் அவர்கள் முறை. வாள் கோடாலியை வெல்லும், கோடாலி ஈட்டியை, ஈட்டி வாளை. பறக்கும் குதிரையில் வருகிற பெண்ணை வில்லாளி பக்கம் விடக்கூடாது. இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது ஒரே ஒரு விதி. செத்தவன் செத்தவன்தான். அடுத்த ஆட்டத்தில் எழுந்து வரமாட்டான். சாகும்போது ஒரு வரி பேசிவிட்டுப் போவான், அதோடு கதையிலிருந்தே காணாமல் போவான். சட்டென்று அணைத்துவிட்டு மறுபடி போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை, அணைத்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். அவன் வேண்டுமென்றால் அந்தச் சண்டை முழுவதையும் முதலிலிருந்து ஆட வேண்டும்.

கதை ஒரு சமவெளியில் தொடங்கும். கொள்ளைக்காரர்கள் தாய் தகப்பனைக் கொன்றுவிட, தனியாக ஒரு குடிசையில் இருக்கிற பெண் லின். புல்வெளியில் மயங்கிக் கிடக்கிற ஒருவனைத் தூக்கிவந்து தண்ணீர் கொடுப்பாள். அந்த ஒருவன் நாம். படைக்கு யோசனை சொல்கிறவன். நமக்கு முகம் கிடையாது, பெயர் மட்டும் கேட்பாள். மூன்றாவது சண்டை முடிகையில் ஒரு கோயிலில் அவளுக்கு ஒரு வாள் கிடைக்கும். வேறு யார் கைக்கும் அடங்காத வாள். அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மணி கட்டி. மறுபடி படித்தேன். வாளுக்கு எதற்குக் கட்டி? மணி கத்தி! 'த்தி' எழுத வராமல் ஜப்பான்காரன் 'ட்டி' போட்டுவிட்டான், அவ்வளவுதான். அப்புச்சியிடம் ஓடிப்போய், ஜப்பான் விளையாட்டில் தமிழ்க் கத்தி இருக்கிறது என்றேன். "நம்மூரு மணிமுத்தாறு மாதிரியா?" என்றார் அவர். மானி என்பது வட ஐரோப்பியப் பழங்கதைகளில் நிலவின் பெயர், பின்னால் வருகிற சோல் கட்டியில் உள்ள சோல் சூரியன் என்றெல்லாம் வேலைக்குப் போனபின் படித்தேன். மணியை விட்டுக்கொடுத்தாயிற்று. கத்தியை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் கத்திக்கு ஆயுசு 45 வெட்டு. எல்லா ஆயுதத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டு, தீர்ந்தால் உடைந்துவிடும். இரும்பு வாள் உடைந்தால் கடையில் வேறு வாங்கலாம். மணி கத்தி எந்தக் கடையிலும் கிடையாது. அதனால் நான் அதைத் தொடவே மாட்டேன். லின்னுக்கு மலிவான வாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மணி கத்தியைப் பையில் பத்திரமாக வைத்திருப்பேன். மாமா கொடுத்த சோப்புகளைப் பிரிக்காமல் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் வாசனைக்கு வைத்தவளின் பேரன்.

அப்புச்சிக்கு விளையாட்டென்றால் ஆடுபுலிதான். ஊருக்கு மேற்கே பெருமாள் கோயில் பாறையில் அதன் கட்டத்தை யாரோ எந்தக் காலத்திலோ வெட்டி வைத்திருந்தார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து பாறையே அங்கே வழுவழுப்பாகிவிட்டிருக்கும். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலிக்கு மூன்று கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. கிழங்கு வண்டி மில்லுக்குப் போனபின் மாலை வெயிலில் அப்புச்சி துண்டை உதறிப் போட்டு உட்காருவார். அவர் எப்போதும் ஆடுதான் வைப்பார். புலியை எவன் வேண்டுமானாலும் ஆடுவான் என்பார்.

ஒருநாள் என் பெட்டியை வாங்கி, கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுல புலி எது?"

"புலியெல்லாம் இல்லீங்க அப்புச்சி. எல்லாரும் ஆளுங்க."

"செரி, ஆடு எது?"

"ஆடும் இல்லீங்க."

"பொறவு எதக் குடுத்து ஜெயிப்ப?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அவர் பாறையில் காட்டினார். ஒரு புளியங்கொட்டையைப் புலி தாண்டுகிற மாதிரி வேண்டுமென்றே வைத்தார். புலி தாண்டியது. இன்னொன்றை வைத்தார். அதையும் தாண்டியது. "மொத ரெண்டக் குடுத்துப்போட்டா புலி அந்த மூலைக்குப் போயிரும். போன வழியில ரெண்டு ஆட்ட வரிசையா நிறுத்திப்போட்டா திரும்பி வர முடியாது." மெதுவாக வழிகளை அடைத்துக்கொண்டே வந்தார். புலி மூன்றும் நகர இடமில்லாமல் நின்றபோது வெட்டுப்பட்ட ஆடுகள் நான்கு அவர் துண்டின் மேல் கிடந்தன. அவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு நாள் நான் இரண்டு மணி நேரம் ஆடிய சண்டையின் கடைசியில் வில்லாளி செத்துவிட்டான். கோடாலிக்காரன் ஒருவன் காட்டுக்குள்ளிருந்து வந்ததை நான் எண்ணவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒருத்தனுக்கோசரம் ரெண்டு மணி நேரத்த அழிச்சுப்போட்டியா?" என்றார்.

"ஆமாங்க."

"உனக்கு வெவசாயம் ஆவாது," என்றார். திட்டுகிற குரலில் இல்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அப்பா இதையெல்லாம் பார்த்தது குறைவு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை. மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று போய்விட்டால் மழை தொடங்கி வேலை நிற்கும்போதுதான் வீடு. அப்படி வந்த ஒரு மழைநாளில் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு சண்டை முழுவதும் பார்த்தார். "ரிக்கு முன்னால போனா சப்போர்ட் வண்டி பின்னாலயே போகோணும்டா. இந்த மருந்து போடற புள்ளைய அங்க விட்டுட்டு நீ பாட்டுக்குக் குதிரைய ஓட்டற?" என்றார். அவர் சொன்னபடி செய்தேன். அந்தச் சண்டையில் ஒரு கீறல்கூடப் படவில்லை. அப்பாவும் நானும் சேர்ந்து செய்த வேலை என்று யோசித்தால் அது ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

பத்தாவதில் எதிர்பாராமல் நல்ல மார்க் வந்துவிட்டது. அதன் விளைவாக என்னை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முட்டைக்குப் பேர்போன ஊர், பள்ளிக்கூடத்தையும் கோழிப்பண்ணை என்றே எல்லாரும் சொல்வார்கள். சொன்னவன் உள்ளே இருந்து பார்த்தவனாகத்தான் இருப்பான். விடிவதற்கு முன்பே ட்யூப் லைட் எரியும். நேரத்துக்குத் தீனி. வரிசையாகப் பெஞ்ச். ராத்திரி பதினொன்று வரை படிப்பு. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது, முதல் மூன்று இடம் அறிவிப்பதை நிறுத்தியது, நீட் வந்து அத்தனை கணக்கையும் மாற்றிப் போட்டது எல்லாம் 2017-ஐ ஒட்டி. எங்கள் காலத்தில் தெய்வம் ஒன்றுதான், அதன் பெயர் கட்-ஆஃப்.

கேம் பாய் என்னோடு உள்ளே வந்தது அம்மிச்சி கட்டிக்கொடுத்த கச்சாய டப்பாவின் அடியில். மேலே வாழை இலை, அதற்கு மேல் கச்சாயம். எண்ணெய்ப் பிசுக்கு பொத்தான்களில் ஒரு மாதம் இருந்தது.

விடுதியில் எல்லாருக்கும் ஊர்ப் பெயர்தான். நான் ராசிபுரம், சுருக்கமாக ராசி. அடுத்த பாய் மேச்சேரிக்காரன். மேச்சேரி என்றால் ஆடு. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு செம்மறி இனம் இருக்கிறது, தோலுக்குப் பெயர்போனது. ஆகவே இரண்டாம் நாளே அவன் ஆடு ஆனான். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே "ம்மே" என்பான். கோபம் வராதவனிடம் ரகசியத்தைச் சொல்லலாம் என்று எனக்கு ஒரு கணக்கு.

கேசட்டில் மூன்று பேர் தனித்தனியாக ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம். முதல் இடம் எனக்கு, இரண்டாவது அவனுக்கு. ஹெட்போன் மாட்ட அதில் ஓட்டையே கிடையாது. ஆகவே சத்தத்தை முழுக்கக் குறைத்து, கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஆடுவோம். திரைக்கு உள்ளேயே விளக்கு இருந்தது பெரிய வசதி. அந்த விளையாட்டின் முன்பாதிக்கு எனக்கு இன்றும் இசை ஞாபகம் இருக்கிறது. பின்பாதிக்கு ஞாபகம் வருவது ஃபேன் சத்தமும் யாரோ தூக்கத்தில் சமன்பாடு உளறுவதும்தான்.

ஆடு ஆடுகிற விதம் எனக்குப் பொறுக்காது. மணி கத்தியை முதல் நாளே உருவிவிட்டான். ஆள் செத்தால் மறுபடி தொடங்க மாட்டான். "செத்தாச் செத்தான், போடா. இருக்கறவன வெச்சு ஓட்டுவோம்." அவன் படையில் பாதிப் பேர் இல்லை. நான் ஆறு முறை ஆடித் தாண்டியதை அவன் ஒரே முறையில், ரத்தக் களறியாக, தாண்டியிருப்பான். அவன் திரையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்புச்சியின் துண்டு மேல் கிடந்த புளியங்கொட்டைகள் நினைவுக்கு வரும்.

ஆனால் மூளைக்காரன். யாரையாவது அடிக்கப் போகும் முன் திரையில் ஓர் எண் வரும், அடி படுவதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று. இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை ஆடு கோடு போட்டுக் கணக்கு வைத்தான். எத்தனையோ வாரம் கழித்து நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ராசி, மிஷின் பொய் சொல்லுதுடா. எழுவதுன்னு போட்டா எம்பதுக்கு மேல படுது. முப்பதுன்னு போட்டா இருவதுகூடப் படறதில்ல."

நான் நம்பவில்லை. மென்பொருள் வேலைக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த விளையாட்டில் உள்ளே ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை உருட்டிச் சராசரி பார்க்கிறார்கள். 70 என்று காட்டினால் உண்மையில் 82. 30 என்றால் 18. அதிக வாய்ப்பு உள்ளவன் தவறவிட்டால் மனிதனுக்கு ஆத்திரம் வருகிறதே, அதைத் தணிக்கச் செய்த ஏற்பாடு போல. ஆட்டின் கோடுகள் சரி. நிகழ்தகவுப் பாடத்தில் அவன் வாங்கிய மார்க் மட்டும் சரியில்லை.

பன்னிரண்டாவதின் அரையாண்டுக்கு முன்னால், டிசம்பர் குளிரில் ஒரு ராத்திரி. அன்று முறை எனக்கு. விடியலுக்கு முந்தைய போர் என்று ஒரு சண்டை, ராத்திரியில் அரண்மனைக்குள் புகுந்த கொலைகாரர்களிடமிருந்து ஓர் இளவரசனைக் காப்பாற்ற வேண்டும். வேகமாகப் போக வேண்டும், போனால் யாராவது செத்துவிடுவார்கள். ஒன்பது முறையோ பத்து முறையோ தோற்றுப்போய், "நீ கொஞ்சம் பாருடா" என்று ஆட்டின் கம்பளிக்குள் தள்ளிவிட்டு நான் திரும்பிப் படுத்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். செருப்புச் சத்தம் கேட்டது. கம்பளிக்குள் வெளிச்சம், வெளியிலிருந்து பார்த்தால் மின்மினி அடைத்த மூட்டை மாதிரி தெரிந்திருக்கும். வார்டன் இழுத்தார்.

"ஆருதுடா இது?"

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மூச்சைச் சீராக விட்டுக்கொண்டிருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது, தூங்குகிறவன் எப்படி விடுவான் என்று யோசித்து யோசித்து விட்டேன்.

"என்னுதுங்க சார்," என்றான் ஆடு.

மறுநாள் அவன் அப்பா வந்தார். அலுவலக வராண்டாவில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார். இரண்டாம் தவணைப் பணமும் பாக்கி இருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். எங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து வராண்டா தெரியும். ஆடு டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, பக்கெட்டை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, கேட்டுப் பக்கம் போனான். பெட்டி மறைத்ததால் முகம் தெரியவில்லை. வேதியியல் சார் அப்போது பலகையில் எழுதிக்கொண்டிருந்ததை நான் ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதினேன்.

ஒரு வாரம் என்றுதான் அனுப்பினார்கள். அவன் திரும்பி வரவில்லை. தேர்வெழுத மட்டும் மார்ச்சில் வந்தான். வரிசை எண்படி வேறு அறை. எதிரில் வந்தால் இருவருமே "எப்படி எழுதின?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். கடைசித் தேர்வு முடிந்து எல்லாரும் இங்க் தெளித்துக் கத்திக்கொண்டிருந்தபோது, சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் என்னைக் கூப்பிட்டு ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கொடுத்தான். வார்டன் அதை அவன் அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

"சார்ஜர் உன்கிட்டயில்ல இருந்துச்சு. பின்னால திருகாணியக் கழட்டிப் பேட்டரிய எடுத்து, செல்போன் ரிப்பேர் கடையில கிளிப் சார்ஜர்ல மாட்டி மாட்டி ஏத்தினேன்," என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த ராத்திரிச் சண்டை முடிஞ்சுது ராசி. உன்ற ஃபைல்லதான் ஆடுனேன். ஒருத்தனும் சாகல. எத்தன வாட்டி மொதல்லருந்து ஆடுனேன்னு எனக்கே தெரியாது. கத்தியத்தான் கொஞ்சம் செலவு பண்ணிப்போட்டேன். பதினொண்ணு பாக்கி இருக்கு."

நான் என்ன சொன்னேன்? "பரவால்லடா" என்றோ என்னவோ. பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். மணி கத்திக்குப் பக்கத்தில் 11. அதற்குப் பிறகு நான் அந்த விளையாட்டைத் தொடவில்லை. கல்லூரி, வேலை. அப்புச்சி போனார், அடுத்த வருஷமே அம்மிச்சி. அவள் பெட்டியில் சோப்புகள் பிரிக்காமல் இருந்தன. பாறையை ஒட்டிக் கோயிலுக்கு மண்டபம் கட்டியபோது ஆடுபுலிக் கட்டத்தின் மேல் டைல்ஸ் வந்துவிட்டது. கேம் பாயை மறுபடி செய்தித்தாளில் சுற்றி டப்பாவில் போட்டு அட்டாலியில் ஏற்றியது அம்மாவாக இருக்கும்.

சார்ஜரும் அதே டப்பாவில் இருந்தது, தட்டைக் கால்களும் அடாப்டருமாக. செருகினேன். நான் எதிர்பார்க்காத ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அக்காள் மகள், ஆறாவது படிக்கிறவள், வந்து ஒட்டிக்கொண்டாள். இசை வந்தது, முன்பாதி இசை. ஆனால் சேமித்த இடங்கள் மூன்றும் காலி. அந்தக் கேசட்டுக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு. நினைவைப் பிடித்து வைப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டால் விளையாட்டு இருக்கும், விளையாடியது இருக்காது.

"மாமா, பேர் கேக்குது," என்றாள் அவள். அவள் பெயரையே போடச் சொன்னேன்.

ஆட்டிடமிருந்து வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்துப் படம் வரும். மேட்டூரில் லாரி பட்டறை வைத்திருக்கிறான். நானும் ஒரு படம் அனுப்புவேன். அந்த ராத்திரியைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. இந்த வருஷம் வாழ்த்துப் படத்துக்குப் பதிலாகக் கேம் பாயைப் படமெடுத்து அனுப்பினேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, போன் அடித்தது. பின்னால் ஒரே இரைச்சல், பட்டறையில் பூஜை நடந்துகொண்டிருந்தது.

"ராசி, கத்தி எத்தன பாக்கி?"

அழிந்துபோனதைச் சொன்னேன். அக்கா புள்ள முதலிலிருந்து ஆடுகிறாள், இன்னும் கோயிலுக்கே போகவில்லை என்றேன்.

"அப்ப நாப்பத்தஞ்சும் இருக்குது," என்றான். யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். இரைச்சல் அடங்கியதும், "அந்தச் சின்ன பேட்டரிய மாத்தோணும்டா. சால்டர் வெச்சு எடுக்கோணும். நாளைக்குக் கொண்டா, நான் மாத்தித் தர்றேன். அதுவரைக்கும் அணைக்காம வெச்சிருக்கச் சொல்லு, அணைச்சா ஆடுனது போயிரும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அணைக்கக்கூடாது என்று அவள் பேத்தி ஒருபக்கம் அழ ஆரம்பித்துவிட்டாள், பூஜையில் வைத்தே ஆக வேண்டும் என்று இவள் ஒருபக்கம். கடைசியில் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, மூடியை மூடாமல் அப்படியே வைத்தோம். பொட்டு இந்த முறை பொத்தான்களுக்குக் கீழே. அரிவாளுக்கும் மம்முட்டிக்கும் நடுவில், சாம்பிராணிப் புகைக்குள், அந்தச் சமவெளிப் பெண் யாராவது நகர்த்துவார்கள் என்று நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருந்தாள்.